பத்துப் புள்ளிகள் வந்தன, குரல் வரவில்லை

1. சனிக்கிழமை மதியம்

பத்துப் புள்ளிகளும் சரியாக வந்திருந்தன. குரல்தான் இல்லை. ஹெட்போனில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் மட்டும் ஓடியது. இரண்டாவது முறை போட்டேன், மூன்றாவது முறையும் போட்டேன். அதே இரைச்சல்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் குரல் பரிசோதனை அறையில் டெக்னீஷியனாக இருந்தேன். தொண்டை ஆபரேஷனுக்கு வருபவர்களின் குரலை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பிடித்து வைப்பது என் வேலை. இப்போது போல மவுஸை வைத்துச் சொடுக்கும் வசதியெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் கமாண்டை டைப் அடிக்க வேண்டும். 'ரெக்', அடுத்து ஓர் எண், எத்தனை வினாடி, கடைசியில் ஃபைல் பெயர். எண் பூஜ்யமென்றால் மைக், ஒன்று என்றால் கேசட் டெக். பதிவாகும்போது சத்தம் கேட்காது. வினாடிக்கு ஒரு புள்ளி திரையில் வரும். அவ்வளவுதான்.

காலையில் போனதும் மைக்கில் "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பார்ப்பேன். நோயாளி வராத நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அந்த மூன்று வார்த்தைதான். மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பூன் லேயில் என் வீட்டுக் கதவைப் பூட்டுவதும் நான்தான், திறப்பதும் நான்தான்.

2. எஃப் த்ரீ

முந்தின நாள் வெள்ளிக்கிழமை வந்தவர் ஆரோக்கியசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். திங்கட்கிழமை காலையில் அவருடைய குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது நீளமான 'ஆ' மூன்று முறை. எடுத்தேன், உடனே போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் எட்டிப் பார்த்து, ஒரு பழைய கேசட்டிலிருந்து பத்து வினாடி அவசரமாக வேண்டும் என்றார். 'ஒன்று' போட்டு எடுத்துக் கொடுத்தேன். ஆரோக்கியசாமி இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எனக்காக ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தர முடியுமா?"

"சொல்லுங்கண்ணே. பைபிள் வாசிக்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்ல லா. சாயங்காலம் வேல முடிஞ்சி போய்க் கதவத் தட்டுவேன். உள்ள இருந்து 'யாரு?'ன்னு கேப்பா. 'நான்தான்'னு சொல்வேன். இருபத்தாறு வருசமா இதேதான். தெரிஞ்சேதான் கேக்கிறா. திங்கக்கிழமைக்கப்புறம் நான் என்ன சொல்றது?"

மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். கீபோர்டில் எஃப் த்ரீ பட்டனைத் தட்டினேன். அதைத் தட்டினால் கடைசியாக அடித்த கமாண்ட் அப்படியே திரும்பி வரும், ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எங்களைப் போன்றவர்களின் சோம்பேறி வழக்கம் அது. அப்படிப் பெயரை மாற்றினேன், 'ஒன்று' அப்படியே நின்றுவிட்டது. அவர் மைக்கைப் பார்த்து 'நான்தான்' என்று சொன்னார், கம்ப்யூட்டரோ ஓடாத கேசட் டெக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எடுத்ததை உடனே போட்டுக் கேட்கிற நான் அன்று கேட்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை இன்னொரு முறை கேட்க மனசு வரவில்லை.

3. ஆங் மோ கியோ

விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். "ஆ கிளியரா இருக்கா? தட்ஸ் இனஃப் லா" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

ஞாயிறு மாலை ஆரோக்கியசாமி அட்மிட் ஆக வேண்டும். கையில் இருந்தது ஒரு நாள். அறையிலிருந்த கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, தேக்கா மார்க்கெட்டில் பேட்டரி வாங்கிப் போட்டு, ஃபைலில் இருந்த அவருடைய வீட்டு விலாசத்துக்கு, ஆங் மோ கியோ பஸ் ஏறினேன்.

கதவைத் தட்டியதும், "யாரு?" என்றது பெண் குரல்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவருடைய மனைவி பிலோமினா முகம் வெளிறிப் போய்க் கதவைத் திறந்தார். பின்னால் ஆரோக்கியசாமி எழுந்து வந்தார்.

"அண்ணே, தப்பு என்னோடது. நேத்து எடுத்தது விழல. நம்பர மாத்தாம விட்டுட்டேன்."

அவர் கரகரவென்று சிரித்தார். பிலோமினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னத்த எடுத்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். பிலோமினா, "வெளிய போய் நில்லுங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

காரிடாரில் ரெக்கார்டரை ஓட விட்டேன். அவர் தட்டினார்.

"யாரு?"

ஒரு மூச்சு விடும் நேரம்.

"நான்தான்."

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது பிலோமினாவின் முகம் கழுவின ஈரத்தோடு இருந்தது. நான் இந்த முறை அங்கேயே டேப்பைத் திருப்பி, கேட்டுப் பார்த்தேன். இரண்டு குரலும் தெளிவாக விழுந்திருந்தன.

"சோறு இருக்கு தம்பி, சாப்பிட்டுப் போங்க."

"வேல இருக்குக்கா" என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன்.

"அப்ப இன்னொரு ஞாயித்துக்கிழம வாங்க. எல்லா வாரமும் சர்ச்சுல பூச முடிஞ்சி வந்திருவோம்" என்று மேலிருந்து குரல் வந்தது.

4. என்னுடைய தப்பு

திங்கட்கிழமை அந்த டேப்பைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். இந்த முறை 'ஒன்று' சரியான எண். கேசட்டை வார்டில் பிலோமினாவிடம் கொடுத்தேன். டாக்டர் கேட்காத எதையும் டிஸ்கில் வைக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மெஷினை நிறுத்துவதற்கு முன் 'ப்ளே' அடிப்பேன். "யாரு?" என்று கேட்கும். அடுத்த குரல் வருவதற்குள் இருக்கிற அந்த இடைவெளியில், காலி அறையில், "நான்தான்" என்று நான் சொல்வேன். இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூன் லேயில் படுத்துக் கிடந்தேன்.

பிறகு ஆரோக்கியசாமி செக்கப்புக்கு வந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தது. பிலோமினாதான் பேசினார்.

"ரெண்டு தட்டுத் தட்டுவாரு தம்பி. நான் இப்பவும் யாருன்னுதான் கேக்கிறேன். திருப்பி ரெண்டு தட்டுவாரு. கேசட்ட இன்னும் போடல. பீரோல பத்திரமா இருக்கு. நீங்க ஏன் வரவே இல்ல?"

ஆரோக்கியசாமி மேசையில் இரண்டு தட்டுத் தட்டி என்னைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் வீட்டுப் பதிலை அவருக்கே தெரியாமல் நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் அந்த ஃபைலை அழிக்க 'டெல்' அடித்தேன். அந்தக் காலத்து மெஷின் 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது. போனது போனதுதான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது: திரையில் வரும் புள்ளிகளை நம்பாதீர்கள். மெஷின் ஓடுகிறது என்பதைத்தான் அவை சொல்லும். பேசியவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் போட்டுக் கேளுங்கள், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் கேளுங்கள். அப்புறம், அடுத்தவர் குரலை வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஞாயிறு ஆங் மோ கியோ போனேன். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"மாணிக்கம், அக்கா. லேப் மாணிக்கம்."

உள்ளிருந்து கதவில் இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.