வண்டிக் கூரையில் ஒரு வால் நட்சத்திரம்

"4-11-65, வியாழன். விடியுமுன். ஆற்காட்டை ஒட்டிய பாலாற்று மணல். பாதி மேகம். வால் நன்றாகத் தெரிந்தது. தகடுகள் கூரையில்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். கடைசி இரண்டு சொற்கள் தவிர மற்றவை யாருக்கும் விளங்கும். அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க். எங்கள் அடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். படம் எடுப்பது அண்ணாவின் வேலை, அதை ஊர் மெச்சும்படி ஆக்குவது அண்ணியின் வேலை. நெகடிவ் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக மறைத்துவிடுவார். இந்த வேலைக்கு 'டச்சிங்' என்று பெயர். வேலூர் லாங் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள்கூட அண்ணியிடம் நெகடிவ் அனுப்பி டச்சிங் செய்து வாங்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அண்ணாவிடம் ஒரு வேன் இருந்தது. ராணுவம் கழித்துப் போட்ட வண்டி. எங்கள் ஊர் டேனரி ஒன்று அதை வாங்கிச் சில வருஷம் சரக்கு ஏற்றிவிட்டு ஏலத்தில் தள்ளியது. அண்ணா அதை எடுத்துப் பலகைக் கட்டில் அடித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் தண்ணீர்ப் பீப்பாயும் வைத்து, பின்பக்கத்தில் கறுப்புத் துணி கட்டி ஓர் இருட்டறையும் செய்துகொண்டார். குடியாத்தம், ஆலங்காயம், திருப்பத்தூர் என்று கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் அதில்தான் போவார். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். ஊரில் அதற்குக் கல்யாண வண்டி என்று பெயர்.

1965 அக்டோபர் கடைசியில், யுத்தம் ஓய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, விடிகாலைக் கிழக்கில் வால் நட்சத்திரம் தோன்றியது. சூரியனை உரசிக்கொண்டு போய்த் திரும்புகிறது என்று பத்திரிகைகள் எழுதின. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு நான் அண்ணாவிடம் போய் அளந்தேன். அவர் அதைவிட அண்ணியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு அப்போது ஆறாவது மாதம். கர்ப்பிணிகள் வால் நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று அண்ணாவின் அம்மா கண்டிப்பாகச் சொல்லி, விடியும்வரை கொல்லைக் கதவைத் திறக்கவே தடை போட்டிருந்தார்.

"ஊரே மாடியில நின்னு பாக்குது. வருஷம் பூரா அடுத்தவ மூஞ்சியில இருக்கிற புள்ளியத் தேடிப் பாக்குற நான் மட்டும் பாக்கக் கூடாதாம். எழுபது வருஷத்துக்கு ஒருக்காத்தான் வருமாமே தம்பி?" என்றார் அண்ணி. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அது வேற நட்சத்திரம் அண்ணி. இது திரும்பி வர நூற்றுக்கணக்கான வருஷம் ஆகுமாம்" என்றேன் நான்.

"நல்லா ஆறுதல் சொல்றீங்க."

அண்ணா ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே சொன்னார். "நீ வெளிய வராத. நான் அதைப் புடிச்சி உன் கையில குடுக்கிறேன்."

விளையாட்டாகச் சொன்னதல்ல. அந்த வாக்கு அவரை எவ்வளவு அழுத்தியது என்பதைப் பின்வந்த நாட்களில் பார்த்தேன். நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் பௌர்ணமி. அதன் பிறகு விடிகாலையில் நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் கரைத்துவிடும். மழைக்காலம் வேறு. படம் பிடிக்க ஃபிலிமுக்குப் பதில் பயன்படும் வெளிநாட்டுத் தகடுகள் வருவது நின்றுபோய், அவரிடம் இருந்த கண்ணாடித் தகடுகள் ஐப்பசிக் கல்யாணங்களுக்கே போதுமா என்ற நிலை.

ஆம்பூரிலிருந்து எடுக்க முடியாது. கிழக்கே மலை. நட்சத்திரத்தின் தலை மலைக்குப் பின்னால் இருக்கும்போதே பொழுது வெளுத்துவிடும். வாலின் மேல்பாதிதான் மலைக்கு மேல் நீட்டிக்கொண்டு தெரியும். ஆகவே வேலூர் ரோட்டைப் பிடித்து, கீழ்வானம் திறந்திருக்கும் இடம் தேடிப் போனோம். முதல் முறை விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆற்று மணலில் வண்டியை நிறுத்தினோம். இரவு மழை கொட்டியது. வண்டிக் கூரை ஒழுகி எங்கள் படுக்கையும் அடிப்பலகையும் நனைந்தன. ஆனால் விடியுமுன் வானம் பிளந்தது. அண்ணா மரக்காமிராவை முக்காலியில் ஏற்றினார். லென்ஸில் பனி படியாமலிருக்க என் பனியனைச் சட்டியில் சூடு காட்டி அடிக்கடி ஒற்றி எடுத்தார். லென்ஸ் மூடியை எடுத்து, மூச்சை அடக்கி நின்று, மறுபடி மூடினார். வானம் நகர்வதால் அதிக நேரம் திறந்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும், குறைத்தால் வால் விழாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை அவர் உடம்பாலேயே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

வண்டியின் இருட்டறையிலேயே தகட்டை மருந்தில் கழுவினோம். தகடு முழுதும் சாம்பல் நிறப் புகை. நட்சத்திரமும் இல்லை, வாலும் இல்லை.

அடுத்த முறையும் அப்படியே. அண்ணா கோபப்படவில்லை. இன்றுவரை நான் வியக்கும் குணம் அது. காமிராவின் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தார். இல்லை. மருந்தை மாற்றினார். சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு முழு இருட்டில் கழுவினார். பலனில்லை. தகடே பழசு என்றேன் நான். அதே பெட்டித் தகட்டில் ஸ்டூடியோவில் ஒரு குழந்தையை எடுத்துக் காட்டினார். குழந்தை பளிச்சென்று விழுந்திருந்தது.

ஊரில் கிண்டல் ஆரம்பித்தது. "இன்னா அண்ணா, வால் கெடச்சுதா, இல்ல மேகத்துக்கே கல்யாண போட்டோ எடுத்தியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "ஜாஸ்தி பேசாத. உன் கல்யாணத்துல உனக்கு மூஞ்சி இருந்ததா காட்டினதே என் பொண்டாட்டி பென்சிலுதான்" என்றார் அண்ணா.

வீட்டில் அண்ணி வேறொரு குறை சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வண்டியத் தெரு முனையில நிறுத்துங்களேன். அழுகின முட்டை வீச்சம். உமட்டுது."

"ஆம்பூர்ல வேற இன்னா வாசனை வரும், மல்லிப்பூவா?" என்றார் அண்ணா.

"ஊர் வாடை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்து அஞ்சு வருஷமா அதைத்தான் மோந்துக்கிட்டிருக்கேன். இது வண்டிக்குள்ள இருந்து வருது. எனக்கு மட்டுந்தான் மூக்கு இருக்கா இந்த ஊர்ல?"

நானும் அண்ணாவும் வண்டிக்குள் தலையை விட்டு நன்றாக மூச்சிழுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. தோலும் சுண்ணாம்பும் ஊறும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மசக்கை என்று முடிவு செய்து சிரித்தோம்.

அன்று சாயங்காலம் அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்து அண்ணாவின் வெள்ளி மோதிரத்தை மேசைமேல் வைத்தார். மருந்தில் கை வைக்கும்முன் அண்ணா அதைக் கழற்றி வண்டிக்குள் ஓர் ஆணியில் மாட்டுவது வழக்கம். மோதிரம் கரிபோல் கறுத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை சாம்பல் போட்டுத் தேச்சுக் குடுத்தேன். இப்ப பாருங்க."

"மழையில நனைஞ்சிருக்கும்."

"மழையில நனைஞ்சா வெள்ளி கறுக்குமா? என் கொலுசும்தான் தண்ணியில கெடக்கு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, தகட்டுல பூசியிருக்கிறதும் வெள்ளி உப்புதானே?"

அண்ணா என்னைப் பார்த்தார். "கிளார்க்கு, அந்த டேனரி இந்த வண்டியில இன்னாத்த ஏத்திக்கினு இருந்தாங்க?"

எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தோலிலிருந்து மயிர் கழிப்பதற்குச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்பைடு டிரம்கள். சிந்தியதெல்லாம் அடிப்பலகையில் ஊறிக் காய்ந்து கிடந்திருக்கிறது. கல்யாணங்களுக்குப் போனது வெயில் காலம், பலகை காய்ந்திருக்கும், இரவில் கதவும் திறந்தே கிடக்கும். இப்போது மழையில் பலகை நனைந்து வெள்ளியைக் கறுக்க வைக்கும் ஆவி கிளம்ப, கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் நாங்களும் தகடுகளும் அந்த ஆவியிலேயே படுத்திருக்கிறோம். வெளியூர்க்காரன் ஒருவன் வண்டியில் ஏறியிருந்தால் முதல் நிமிஷமே குதித்து ஓடியிருப்பான்.

அண்ணா அப்போதும் ஊகத்தை நம்பிச் செயல்படவில்லை. இருட்டறையில் ஒரே ஒரு தகட்டை வைரக்கத்தியால் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி வண்டியில் வைத்தார். மறுபாதியை அதே மாதிரி சுற்றி வீட்டு அரிசிப் பானைக்குள் புதைத்தார். மறுநாள் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினார். வண்டிப் பாதி சாம்பலாக எழுந்தது. அரிசிப் பாதி கண்ணாடிபோல் தெளிந்து நின்றது. தகடு கிடைக்காத காலத்தில் ஒன்றை அறுத்துப் பார்க்கும் துணிவு எனக்கு வந்திருக்காது.

மூன்றாம் தேதி இரவு புறப்பட்டபோது தகடுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, தார்ப்பாயில் பொதிந்து வண்டியின் கூரைமேல் கட்டினோம். நாங்கள் உள்ளே, தகடுகள் வெளியே காற்றில். அண்ணி வாசலில் நின்று, "அதுக்குக் குடுக்குற மரியாதையில பாதி எனக்குக் குடுங்க. வரும்போது ஆற்காட்டுல மக்கன் பேடா வாங்கிட்டு வாங்க" என்றார்.

ஆற்காட்டுக்கு இந்தப் பக்கம் மணலில் நிறுத்தினோம். நிலா இறங்கியபின் அண்ணா காமிராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் வந்து டார்ச் அடித்தார்.

"இன்னாய்யா இது, பீரங்கியா?"

"காமிரா சார். டார்ச்சை அணைச்சிடுங்க, புண்ணியமாப் போவும்."

"யுத்தம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. இருட்டுல ஆத்துல இன்னா படம்? பாகிஸ்தான்காரனுக்கு அனுப்பவா?"

"அவன் வூட்டு மேலயும் இதே வால்தான் சார் தெரியுது. என்கிட்ட துட்டு குடுத்து இன்னாத்துக்கு வாங்கப்போறான்?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். டார்ச்சை அணைத்தார். அதே நேரம் கிழக்கே மேகம் விலகியது.

மணலின் விளிம்பிலிருந்து தேடொளி விளக்கின் வெளிச்சம்போல் வால் சாய்ந்து எழுந்து நின்றது. தலை சிறியது, மங்கலானது. வால்தான் எல்லாம். அடியில் கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப்போக அகன்று மெல்ல ஒரு பக்கம் வளைந்தது. பாலாற்றில் அங்கங்கே தேங்கியிருந்த மழைநீரில் அதன் சாயல் விழுந்ததாக எனக்குத் தோன்றியது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். அண்ணா மட்டும் மேலே பார்க்கவே இல்லை. காமிராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகத்தான் பார்த்தார். தகடு மாற்றும்போதெல்லாம் வண்டிக்குள் போகாமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு மணலிலேயே குந்தி மாற்றினார்.

மேகம் மூடியதும், "நீயாவது நல்லா பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கழுவியதில் ஒன்று அப்பழுக்கில்லாமல் வந்தது. அதைப் பெரிதாக அச்சிட்டுக் காய வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணாவின் அம்மா அங்கே இருந்தார். அண்ணா தயங்கி, "படத்துல பாக்கலாமாம்மா?" என்றார்.

"காயிதத்துக்கு இன்னாடா தோஷம்? குடு அவ கையில" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பால் பொங்குகிறதென்று உள்ளே போனார்.

அண்ணி படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய், நெகடிவ் பார்ப்பதுபோல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "சொன்ன மாதிரியே புடிச்சிட்டு வந்துட்டீங்களே" என்றார். பிறகு விரல் நுனியைப் படத்தின் மேல்விளிம்பில் வைத்தார்.

"நுனி மட்டும் கட்டாயிருச்சு. இதுக்கு மேல இன்னும் கொஞ்சம் போயி, இந்தப் பக்கமா நல்லா வளையும்ல?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் அண்ணா மெதுவாக.

"டச்சிங் பண்ற கண்ணுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அண்ணி மக்கன் பேடா பொட்டலத்தைப் பிரித்தார்.

அடுத்த வருஷம் தையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல தேக சுகத்தோடு வளர்ந்தது. அந்தப் படம் வெகுகாலம் ஸ்டூடியோவில் மாட்டியிருந்தது. அண்ணா வாலின் நுனியைச் சேர்க்கச் சொல்லியும் அண்ணி அதன்மேல் பென்சில் வைக்கவில்லை.

படம் எடுத்த நாள், இடம், தகடு கெட்ட காரணம் ஆகியவற்றை என் குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். நுனி அண்ணி சொன்ன பக்கம்தான் வளைந்திருந்தது, அதை நானே பார்த்தேன். ஆம்பூரில் மலைக்கு மேல் தெரிந்ததும் வாலின் அந்த மேல்பாகம்தான். ஆனால் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவு அந்த நாட்களில் ஒரு விடிகாலையிலாவது திறந்ததா என்பதை நான் கேட்டதில்லை. அண்ணாவும் கேட்டதாகத் தெரியவில்லை. அது இன்னும் சரிபார்க்கப்படாத செய்தியாகவே இருக்கிறது.