சொல்லாமல் விட்ட பலே

செங்கம் சாலை அரங்கில் இந்த ஆண்டுக் கச்சேரி வரிசைக்கு மகளோடு போயிருந்தேன். வெளிநாட்டு நால்வர் குழு வாசித்து முடித்து, நம்மூர்க் குழு தொடங்கியிருந்தது. மிருதங்கம் வாசித்த பெண் சிக்கலான ஒரு சுற்றை முடித்து, தாளத்தில் துல்லியமாக வந்து இறங்கி, நிமிர்ந்து பார்த்தாள். சபையில் ஓர் இருமல்கூட இல்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இதே அரங்கில் வெள்ளைக்காரர்கள் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து மேடையேற வேண்டிய அப்பா, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மெல்லிய ஓர் இடத்தில் தொடையைத் தட்டி, "பலே!" என்றார். வில் ஒன்று தடுமாறியது. முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது.

"சும்மா இருப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"நல்லா வாசிக்கறாங்கம்மா. சொல்லாம எப்படி இருக்கறது?"

நான் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

பிறகு அப்பா மேடையில் மிருதங்கம் வாசித்தார். கடினமான ஓரிடத்தை முடித்துவிட்டுச் சபையைப் பார்த்தார். எல்லோரும் மரியாதையாக, அசையாமல் இருந்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். மீதியை அவர் அவசர அவசரமாக முடித்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பெண்ணின் பார்வை எங்கள் வரிசைக்கு வந்தது.

"பலே!" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

என் மகள் எழுந்து, ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.