விபெக்கேயின் வெற்றோட்டம்

விபெக்கேவுக்கு மூக்கு வேலை செய்வது நின்று பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான், பக்கத்துப் பட்டறையில் கருவிகளைப் பழுது பார்க்கிற யோர்ன். அவளாக வந்து என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் வேதியியல் துறையின் சமையலறையில், டோஸ்டரில் கறுப்பு ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவளோ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிம்மதியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யார்கிட்டயும் சொல்லாத, யோர்ன். காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. ஃப்ளெமிங்குக்குத் தெரிஞ்சா நாளைக்கே என்னை லேபை விட்டு எடுத்துடுவார். அப்புறம் காலம் பூரா படம் காட்டிப் பாடம் நடத்த வேண்டியதுதான்."

ஃப்ளெமிங் எங்கள் துறைத் தலைவர். சொல்ல மாட்டேன் என்றேன். ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

அவளிடம் படித்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது படத்தில் பார்த்த பெட்டி அல்ல. மூலக்கூறுகளை எடை போடும் அந்தக் கருவியை அவர்களே திறந்து, கழற்றி, துடைத்து, மாட்டி, ஓட்ட வேண்டும். ஒரு துளியை ஊசி முனையில் மின்சாரம் பனிப்புகையாக உடைக்கும். அந்தப் புகை காற்றே இல்லாத வெறுமைக்குள் பறந்துபோய், மறுமுனையில் எடை எண்களாக இறங்கும். இலையுதிர் காலத்தில் வெளியே கடல் மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும். உள்ளே பம்ப் முனகிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு வேலையில்லாமல் வாசலில் நிற்கும்போது, உள்ளே எது, வெளியே எது என்று எனக்கே மயங்கும். நாமும் இப்படியே மிதந்துபோய் எங்கோ ஓர் எண்ணாக இறங்கப் போகிறோம் என்று தோன்றும். பிறகு யாராவது ஸ்பேனர் கேட்பார்கள்.

விபெக்கே அந்த எண்களுக்குள்தான் குடியிருந்தாள். காபி நூற்றுத் தொண்ணூற்றைந்து. வனிலா நூற்று ஐம்பத்து மூன்று. லவங்கப்பட்டை நூற்று முப்பத்து மூன்று.

"இப்பல்லாம் கேக்குல மூக்கை நுழைச்சாலும் ஒண்ணும் வரமாட்டேங்குது. ஆனா யாராவது எண்ணைச் சொன்னா, ஒரு நொடி வாசனை வந்துட்டுப் போகுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அவளுடைய லேபில் ஒரு சட்டம் உண்டு. மாதிரியைத் தொடும் முன் வெறும் கரைப்பானை மட்டும் கருவிக்குள் ஓட்ட வேண்டும். அதற்கு வெற்றோட்டம் என்று பெயர். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் எப்போதும் ஏதாவது தெரியும். கைக்குப் பூசிய கிரீம், பிளாஸ்டிக் குழாய், குடித்த காபி. அதைப் பெயரோடு பலகையில் எழுதிய பிறகுதான் மற்ற வேலை.

"அஸ்கெ, இன்னிக்கு எத்தனை காபி?"

"ரெண்டுதான், விபெக்கே."

"உன் வெற்றோட்டத்தைப் பார்த்தா நாலு மாதிரி இருக்கு. எழுது. உன்கிட்ட ஏற்கெனவே என்ன ஒட்டியிருக்குன்னு முதல்ல சொல்லு. அப்புறம் ஊர்ல இருக்கறதை எடை போடலாம்."

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, விபெக்கே கடன் கேட்டிருந்த திருகாணியைக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே இனிப்பும் நெடியுமாகக் கரைப்பான் வாடை முகத்தில் அடித்தது. கருவியின் ஆவியை வெளியே கொண்டுபோகிற குழாய் சுவரிலிருந்து கழன்று தொங்கியது. விபெக்கே அதற்கு ஒரு முழம் தள்ளி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே மாணவர்கள் அஸ்கெயும் சோல்வாயும். சோல்வாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கருவியை நிறுத்தி எல்லோரையும் வெளியே தள்ளினேன். படிக்கட்டில் பனிக்குள் உட்கார்ந்து சோல்வாய் வாந்தி எடுத்தாள்.

"வாடை வந்துச்சு. லேப்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். விபெக்கே பேசாமத்தானே இருந்தாங்க" என்றாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். 'குழாய் கழன்றது' என்று எழுதி ஃப்ளெமிங் விஷயத்தை முடித்தார். மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"தப்பிச்சோம்" என்றேன் விபெக்கேவிடம். இன்றும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொண்ணு என் முகத்தைப் பார்த்து தைரியமா உட்கார்ந்திருந்திருக்கா, யோர்ன்" என்றாள் அவள்.

அடுத்த புதன்கிழமை ஃப்ளெமிங்கையும் லேபுக்கு வரச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் வழக்கம்போல வெற்றோட்டம் எழுதினார்கள். கடைசியில் அவளே சாக்பீஸை எடுத்தாள்.

'விபெக்கே: மூக்கு இல்லை. பதினான்கு மாதங்களாக. மறைத்தேன்.'

சோல்வாய் நெடுநேரம் பலகையைப் பார்த்தாள்.

"அப்ப என் தலைவலி..."

"என்னாலதான். மன்னிச்சுடு."

ஃப்ளெமிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் படிச்சிட்டேன், விபெக்கே. இனிமே படிக்காத மாதிரி நடிக்க முடியாது."

"தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

இருபத்திரண்டு வருட லேப் அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

சோல்வாய் எழுந்து கதவருகே போனாள். எந்தப் புதன்கிழமை யார் கேக் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் அங்கே தொங்கும். அது இல்லாமல் எங்கள் நாட்டில் எந்தக் கதவும் கிடையாது. அதில் 'கேக்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு இழுத்து, 'மூக்கு' என்று தலைப்பு எழுதினாள். அந்த வாரம் லேபில் விபெக்கேவுக்காக வாடை பார்க்கும் ஆளாக, முதல் வரியில் தன் பெயரைப் போட்டாள்.

"எனக்கு எப்பவும் சளி. இருந்தாலும் போட்டுக்கோ" என்றான் அஸ்கெ.

பேனா கைமாறி என்னிடம் வந்தது. நல்ல மூக்கை வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தவன் நான். இரண்டு வாரங்களுக்கு என் பெயரை எழுதினேன்.

ஃப்ளெமிங் பட்டியல் முன்னால் நின்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். "வாடை காட்டுற கருவி ஒண்ணு வாங்கணும். அதுக்கு மேல, மூக்குக்காரர் வராத அன்னிக்கு லேப் கிடையாது. ஒரு நிமிஷம்கூட" என்றார். பிறகு, "நவம்பர்ல ஒரு வாரம் ஆளில்லையே" என்று முணுமுணுத்தபடி அங்கே தன் பெயரை எழுதினார்.

அன்று கேக் முறை சோல்வாயுடையது. நடைவழியில் நின்று சாப்பிட்டோம். விபெக்கே ஒரு துண்டைக் கடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"இதுல என்ன போட்டிருக்க?"

"நூத்தி முப்பத்து மூணு" என்றாள் சோல்வாய்.

விபெக்கே மெல்லுவதை நிறுத்திக் கண்களை மூடினாள்.

"இன்னொரு தடவை சொல்லு."