மோந்து பார்த்தே பழம் எடுத்தவர்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வாசலில் பழ லோடைப் பார்த்து எடுப்பவர் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. பழத்தைக் கீறி, கண்ணை மூடி முகர்வார். நாக்கில் மட்டும் வைக்கமாட்டார்.

"ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கண்ணா," என்றேன், எங்கள் தோட்டத்துப் பழத்தை நீட்டி.

"கொரோனா வந்தப்ப வாசனையே தெரியாம போச்சு தம்பி. சக்கரையும் அப்ப ஏறுனதுதான், இன்னும் எறங்கல. மூக்கு திரும்பிடுச்சு. எம்பொழப்புக்கு அது போதும்."

லோடு இறங்கி முடிய மாலையாகிவிட்டது. கிளம்பும்போது என்னிடம் ஒரு பழம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"யாருக்குண்ணா?"

"வீட்டுக்காரிக்கு. அவ அறுத்துச் சாப்பிடுவா, நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்."

அந்தப் பழத்தை இருவரில் யார் அதிகம் ருசித்திருப்பார்கள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.