பதினோரு பேரும் நடந்துதான் போனோம்

எங்கள் பதினோரு பேரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எட்டாவது வரை படித்திருந்தேன். அந்தப் படிப்பு எனக்கு வேறு எதற்கும் பயன்பட்டதாக நினைவில்லை. ஒரு மனிதர் மேல் ஆள் கடத்தல் வழக்குப் போடப் பயன்பட்டது.

எங்கள் ஊர் கடைமடை. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்து மிச்சம் இருந்தால்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். அந்த வருஷம் மிச்சம் இல்லை. கதிர் வாங்குகிற சமயத்தில் பயிர் கருகிப் போனது. தை பிறந்து நான்கைந்து நாளில் மேற்கே ஒரு பெரிய பண்ணையிலிருந்து காரியக்காரர் ஒருவர் லாரியோடு வந்தார். அறுப்புக்கு ஆள் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு என்றார். உள்ளூரில் அறுக்க ஆள் இல்லையா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் போயிருப்போமா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பசியில் போயிருப்போம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலையில் லாரி எங்களை வயல் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனது. வரப்பு முழுக்க அந்த ஊர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூலியில் கலத்துக்கு ஒரு படி நெல் கூடக் கேட்டு இரண்டு வாரமாக வேலைநிறுத்தம். எங்கள் கையில் இருந்த அரிவாள்களைப் பார்த்து ஒரு பெண், "எந்த ஊரு மாப்பிள்ளைங்கப்பா? பொண்ணு பாக்க அருவாளோடவா வருவீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர்களுடைய சங்கத்துக்காரர் எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயது இருக்கும். "வயல்ல இறங்காதீங்க தம்பி. இறங்கினா உங்களுக்கும் எங்களுக்கும்தான் அடிதடி. மிராசுதாரு மாடியில நின்னு வேடிக்கை பாப்பாரு. வாங்க, சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க."

எங்களில் வயதில் மூத்தவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்பாடு உண்டுன்னா சரிதான், நடங்கடா" என்றார்.

வாய்க்கால் கரையில் நடந்து போனோம். அவருடைய வீடு ஒரே அறை. பதினோரு பேரைப் பார்த்ததும் அவர் மனைவி முறத்தை எடுத்துக்கொண்டு நாலு வீடு போய் அரிசி வாங்கி வந்தார். இரண்டு வாரமாகக் கூலி இல்லாத தெரு அது. சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். பரிமாறும்போது, "ஆளுக்கு ரெண்டு துண்டுதான். மூணாவது கேட்டா நானும் வேலைநிறுத்தம் பண்ணிருவேன்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் சங்கத்துக்காரர் எங்களை ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார்.

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். ஒரு ஜீப் பஸ்ஸை மறித்து நின்றது. காரியக்காரரும் நாலைந்து ஆட்களும் ஏறி எங்களைக் கீழே இழுத்துப் போட்டார்கள். ஒருவன் பிடித்த பிடியில் என் சட்டைப் பொத்தான் தெறித்துப் போனது. அன்றைக்கு எங்களை யாராவது கடத்தினார்கள் என்றால் அது அப்போதுதான்.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. "எவனுக்குடா கையெழுத்துத் தெரியும்?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு தாள். தமிழில்தான் எழுதியிருந்தது. வாசித்திருக்கலாம். ஆனால் பெரியவர்கள் நீட்டுகிற தாளை அவர்கள் எதிரிலேயே வாசிப்பது எங்கள் பக்கத்தில் அவர்களை முகத்தில் அடிப்பது மாதிரி. கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு கையாலும் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வோம், கொடுத்தவர் தெரு முனை தாண்டிய பிறகுதான் பிரிப்போம். சப்-இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். எழுத்தர் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு தாளிலும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் போடுவது போல அடியில் ஒரு கோடும் இழுத்தேன். மற்றவர்கள் சாட்சி என்று ரேகை வைத்தார்கள்.

சில மாதம் கழித்துச் சம்மன் வந்தபோதுதான் தெரிந்தது, புகார் கொடுத்தவனே நான்தான் என்று. சங்கத்துக்காரர் அரிவாளைக் காட்டி மிரட்டிக் கடத்திக்கொண்டு போய், ஒரு வீட்டில் எங்களை அடைத்து வைத்தார் என்று எழுதியிருந்தது. அரிவாள் எங்களிடம்தான் இருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அதற்குள் அவர் இருபது நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார்.

பிறகு நாலு வருஷம் வாய்தா. ஒரு முறை நீதிபதி வரவில்லை, ஒரு முறை போலீஸ் வரவில்லை, ஒரு முறை கேஸ் கட்டு கிடைக்கவில்லை. கோர்ட் வாசலில் ஒரு வேப்பமரம்தான் உண்டு. புகார் கொடுத்தவனும் அதன் நிழலில்தான் நிற்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரும் அதே நிழலில்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவரே பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உன்மேல கோவம் இல்ல. கூண்டுல ஏத்தும்போது நடந்ததைச் சொல்லிரு. நடந்து வந்தோம், சாப்பிட்டோம், பஸ் ஏத்திவிட்டாரு. அவ்வளவுதான். விடுதலையானா மட்டும் எனக்குப் போதாது. ஊர்ல சின்னப் புள்ளைங்ககூட ஆள்கடத்தின்னுதான் கூப்பிடுது. அது போவணும்."

"சரிண்ணே" என்றேன்.

இதற்கிடையில் ஆட்சி மாறியது. மிராசுதார் தோளில் துண்டின் கரையும் மாறியது. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து, கேட்ட ஒரு படிக்கு அரைப்படி என்று முடிந்தது. இரண்டு பக்கத்து வழக்குகளும் போய்விட வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாய்தாவில் மிராசுதாரின் வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்த செக்‌ஷனுக்கு ராஜி கிடையாது, தெரியுமில்ல?"

"அப்ப எப்படிங்க முடியும்?"

"சாட்சி மறந்துட்டா முடியும்."

"நான் நடந்ததையே சொல்லிடுறேங்க."

அவர் சிரித்தார். "நடந்ததைச் சொன்னா பொய்ப் புகார் கொடுத்தவன் நீ. உள்ள போறியா? மிராசுதாருக்கும் அசிங்கம். ஞாபகம் இல்லைன்னு சொல்லு, எல்லாரும் வீட்டுக்குப் போவலாம்."

நான் சங்கத்து வக்கீலைத் தேடிப் போனேன். அவர் கருப்பு அங்கியை மாட்டிக்கொண்டே, "அவர் சொன்னபடியே செஞ்சிரு தம்பி. மேல பேசி முடிச்சாச்சு" என்றார். என்னிடம் உண்மையைக் கேட்டவர் மரத்தடியில் நின்ற ஒருவர்தான். அவரிடம் யாரும் எதையும் பேசி முடித்திருக்கவில்லை.

கூண்டில் ஏறினேன். எதிரே அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோர்ட்டில் அவருக்குப் பெயர் எதிரி. அரசு வக்கீல் புகாரைக் காட்டினார்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"எதிரி உங்களைக் கூட்டிக்கொண்டு போனாரா?"

"ஞாபகம் இல்லைங்க."

"அவர் வீட்டில் வைத்திருந்தாரா?"

"ஞாபகம் இல்லைங்க."

"அங்கே என்ன நடந்தது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் முறம் ஞாபகம் வந்தது, குழம்பு வாசனைகூட வந்தது. "ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எட்டாவது படிச்சிருக்கே. படிக்காமலா கையெழுத்துப் போட்டே?"

"ஆமாங்கய்யா."

கோர்ட்டே சிரித்தது. அன்றைக்கு நான் சொன்ன ஒரே முழு உண்மைக்குத்தான் சிரித்தார்கள். என்னைப் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சுலபம். "வைக்கச் சொன்னாங்க, ரேகை வச்சோம், என்ன எழுதியிருந்துச்சோ தெரியாதுங்க" என்று இறங்கிவிட்டார்கள். படிக்காதவர்கள் என்பதால் அவர்களை யாரும் திட்டவில்லை.

தீர்ப்புச் சொன்ன நாளிலும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானேதான் போனேன். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்றார்கள். கடத்தவில்லை என்று தீர்ப்பில் ஓரிடத்திலும் இல்லை. நிரூபிக்கவில்லை என்றுதான் இருந்ததாம். சங்கத்தில் மாலை கொண்டு வந்திருந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சோறு தின்னதுகூடவா தம்பி ஞாபகம் இல்ல?"

சத்தமாகக் கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவர் மனைவிதான், "விடுங்க. பாவம், அது என்ன பண்ணும்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அந்தப் பண்ணையில் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தாலுகா ஆபீஸ் ஒப்பந்தத்தில் அரைப்படி நெல் இருந்தது, அவர் இல்லை.

பல வருஷம் கழித்து, இரண்டு கிலோ நல்ல கருவாடு வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோர்ட்டில் சொல்லாததை அவர் வீட்டு வாசலிலாவது நின்று சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். நடந்து வந்தோம், சாப்பிட்டோம், பஸ் ஏற்றிவிட்டீர்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

டீக்கடையில் அவர் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் இளவயசு. யோசித்துப் பார்த்தார், புரியவில்லை. உள்ளே பெஞ்சில் இருந்த ஒருவர், "நம்ம ஆள்கடத்தியைக் கேக்குறாருடா" என்றார்.

"அட, ஆள்கடத்தி வீடா?" என்று கடைக்காரர் என்னிடம் திரும்பினார்.

அந்த டீக்கடையில் நீதிபதி இல்லை, வக்கீல் இல்லை. என்னை உள்ளே போட யாரும் இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

"பாலத்தைத் தாண்டி இடது பக்கம் மூணாவது வீடு."

பாலம் வரை போனேன். அங்கிருந்து திரும்பி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். கருவாட்டுப் பையை மடியில் வைத்திருந்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று கண்டக்டர் ஊர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.