நகர்ந்த வரப்பு

எங்கள் மாமனாருக்கு ஊரில் நல்ல பெயர். குடிக்க மாட்டார், யாரிடமும் கை நீட்ட மாட்டார், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஒரே ஒரு பழக்கம்தான் அவரிடம் உண்டு. ஏர் பூட்டுவதற்கு முன்னால் விடியற்காலையில் மண்வெட்டியோடு தனியாகப் போய் வரப்பை ஒழுங்குபடுத்துவார். எங்கள் பக்கம் ஒரு சீவு சீவி, அந்த மண்ணை அடுத்தவர் பக்கம் அணைப்பார். வருஷம் தவறாமல் இப்படி ஒழுங்குபடுத்தினால் வரப்பு ஒரே இடத்தில் இருக்குமா? எங்கள் வரப்பு மெல்ல நடந்து கீழ்க்கொல்லைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மழையை நம்பி வேர்க்கடலை போடும் மேட்டு நிலத்தைத்தான் எங்கள் பக்கம் கொல்லை என்போம். திருவாலங்காட்டுக்கு மேற்கே, சரிவான செம்மண். கீழ்க்கொல்லைக்காரர் மாமனாருக்குப் பங்காளி, தம்பி முறை. ஐப்பசி மழை கொட்டினால், சீவிச் சீவி இளைத்துப்போன அந்த வரப்பு உடைத்துக்கொள்ளும். எங்கள் தண்ணீர் அவர் நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடும். மேல்மண் போய், பல இடங்களில் சரளைக்கல் தெரிந்தது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் விதைக்க மண் இருக்காது, நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்று அவர் மனைவி கிணற்றடியில் என்னிடம் சொன்னார். நான் குடத்தைத் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பவள் போல் குனிந்துகொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மண் பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். சரிவின் குறுக்கே உயரமாகக் கரை போட்டு, மிச்சத் தண்ணீர் வழியக் கல் பதித்துத் தருவார்களாம். செலவில் பாதி சர்க்கார் மானியம், பாதி நிலத்துக்காரர்கள். கையில் காசில்லாதவர்கள் தங்கள் பங்குக்கு மண் வெட்டினால் போதும். ஒரே நிபந்தனை, சரிவில் நிலம் உள்ள எல்லோரும் சேர வேண்டும். ஒருவர் விட்டாலும் அந்த இடத்தில் தண்ணீர் உடைத்துக்கொள்ளும் என்பதால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் மாமனாரைத் தவிர.

மானியம் என்று கவர்ன்மெண்ட் டப்பை வாங்கினால் நிலமும் கவர்ன்மெண்டுக்குப் போய்விடும் என்றார். என் வீட்டுக்காரர், நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். கல்யாணமாகி வந்த புதிது, நானும் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் களை எடுக்கும்போது, எங்கள் கொல்லைக்குள் பொறுக்கிப் போட்டிருந்த கற்குவியல் சரிந்து, அடியில் சர்வே கல் தெரிந்தது. வரப்பின் மேல் இருக்க வேண்டிய கல். வரப்போ அதைத் தாண்டி எங்கேயோ இருந்தது. கரை போடுமுன் சங்கிலி போட்டு நிலத்தை அளந்தால் நாறிவிடும் என்றுதான் மனிதர் கையெழுத்துப் போட மறுக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்தேன்? சரிந்த கற்களை எடுத்துப் பழையபடி அடுக்கி மூடினேன். புகுந்த வீட்டு மானமாயிற்றே.

கெடு முடிகிற சமயத்தில் கீழ்க்கொல்லைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கீழே பார்த்துக்கொண்டே பேசினார்.

"ண்ணா, சங்கிலி போட்டு அளக்க வேணாம்னு நானே சொல்லிடறேன். வரப்பு இப்ப எங்க கீதோ அங்கியே கரையப் போடட்டும். எனக்கு மண்ணு நின்னா போதும்."

மாமனார் தொண்டையைச் செருமினார். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். வரப்பு நகரவில்லை என்று மறுக்கவாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று கதவுக்குப் பின்னால் நின்று எதிர்பார்த்த எனக்குத்தான் கன்னம் எரிந்தது.

வேலை தொடங்கிய அன்று ஊரே கொல்லையில் கூடியிருந்தது. கரை போடுமுன் கேட்க வேண்டிய கேள்வியை ஓவர்சீயர் கேட்டார், எல்லைத் தகராறு ஏதாவது உண்டா என்று. கீழ்க்கொல்லைக்காரர் முந்திக்கொண்டார்.

"தகராறா? எங்க அண்ணன் வரப்பு விஷயத்துல ஒரு சாண் அப்பிடி இப்பிடி போவ மாட்டாரு சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பீடியைப் பற்றவைத்தார், ஒருவர் மாட்டை அதட்டினார், பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களுக்காக எல்லோரும் சேர்ந்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வாய்விட்டுச் சிரித்திருந்தால் தேவலை. கூடையைத் தலையில் தூக்கிவைக்கும் சாக்கில் நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த மாமனாருக்குக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தேன். பிசைந்தவர் வாயில் வைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தெரியுமாமா?" என்றார். நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உனக்கு?"

"தெரியும் மாமா."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கையைக் கழுவினார். அப்புறம் அந்தக் கொல்லைப் பக்கமே போகவில்லை. முட்டிவலி என்று எல்லோரிடமும் சொன்னார்.

அவருக்காவது அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பகலெல்லாம் மண் சுமந்த பசி. அவர் தொடாமல் விட்ட சட்னியையும் என் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். எங்கள் கொல்லையில் விளைந்த கடலைதான். நன்றாகத்தான் இருந்தது.