அநாதை என்பதற்கு அத்தாட்சி

அரசாங்கம் ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டால், அந்தச் சோறு சட்டப்படி வெந்ததா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் அந்த ஆள் நான்தான். சிறுவர் இல்லங்களுக்கு மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று மானியம் வரும். அது தடையில்லாமல் வரவேண்டுமானால், அரசாங்கச் சுற்றுநிருபத்தில் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்று நான் எழுதி ஒப்பமிட வேண்டும். மேலிருந்து வரும் கடிதத்துக்கும் எதிரே வந்து நிற்கும் மனிதர்களுக்கும் நடுவில் நசுங்கிய அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் தாருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். குடையும் பைலுமாக ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் பக்கத்தில் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளும் உண்டு.

பிரஷ்

கடற்கரைப் பக்கமாக இருந்த ஓர் இல்லம்தான் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. ஊரவர் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த ஹமீது நானா அதன் மேற்பார்வையாளர். சமையல் சுபைதா ராத்தா.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய பல் பிரஷ் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. போன முதல் நாளே பார்த்தேன்; சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மனதுக்குள் பாராட்டிவிட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த முறையும் தொங்கின. அதற்கடுத்த முறை ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் தூசு. வெளியே கிணற்றடியில் பிள்ளைகள் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள், உடைத்த தேங்காய்ச் சொட்டுப்போலப் பளிச்சென்று. "பிரஷ் என்னத்துக்கு ராத்தா?" என்றேன். சுபைதா ராத்தாவுக்கு என் அறியாமை பிடிக்கவில்லை.

"அது அரசாங்கத்துப் பிரஷ் மிஸ். புள்ளைகள்ட வாயில வெச்சா ஊத்தையாப் போயிரும். மறுகா நீங்க வந்தா எதக் காட்டுற?"

மீனுக்கு விலைமனு

உணவு அட்டவணை தலைமைக் கந்தோரிலிருந்து வந்தது. எழுதியவர் குளிர்ப் பிரதேசத்துக்காரராக இருக்க வேண்டும். லீக்ஸ், பீட்ரூட், கரட் என்று மலைநாட்டு மரக்கறியாகப் போட்டிருந்தார். எங்கள் சந்தையில் லீக்ஸ் வாடி வதங்கி நகை விலையில் கிடக்கும். எங்களுக்கு மீன் இருக்கிறதே, அதை மாற்றிக் கொடுக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். கொடுக்கலாம், ஆனால் மூன்று விநியோகத்தர்களிடம் ஒட்டிய உறையில் விலைமனு பெற்று, குறைந்த விலைக்கு வாங்குக என்று பதில் வந்தது.

ஹமீது நானாவோடு கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வலை முதலாளி எத்தனையோ நாள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூடை சூடை மீனைச் சும்மா அனுப்பியவர். சும்மா வந்ததை வாங்கியதாக எழுத முடியாது, வாங்காததைச் சாப்பிட்டதாகவும் எழுத முடியாது. அதனால் என் பதிவேட்டில் பிள்ளைகள் அட்டவணைப்படி லீக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலைமனுத் தாளை அவரிடம் நீட்டினேன். உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"வல இன்னும் கரைக்கு வரல்ல மிஸ். உள்ளுக்க கிடக்கிற மீனுக்கு விலை வேணுமெண்டா நீங்க கடலிட்டத்தான் கேக்கணும்."

கூரைக்கு முன்னனுமதி

எழுபத்தெட்டில் கிழக்குக் கரையை அடித்த பெரிய புயல் இல்லத்தின் கூரையை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. ஹமீது நானா இடுப்பளவு தண்ணீரில் சின்னப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நான் விவரமாக அறிக்கை எழுதி, கூரைக்கு நிதி கேட்டேன்.

பதில் வருவதற்குள் ஊரவர்கள் தென்னங்கிடுகு வேய்ந்து முடித்துவிட்டார்கள். அந்தக் கிடுகின் கீழ் உட்கார்ந்து கடிதத்தை வாசித்துக் காட்டினேன்: "கட்டடத்தின் கூரையை அகற்றுவதற்கு எழுத்துமூலமான முன்னனுமதி பெறப்பட்டதா? இல்லையெனில் காரணம் தருக." ஹமீது நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"காத்துக்கு வாசிக்கத் தெரியாதே மிஸ். தெரிஞ்சிருந்தா, கடிதத்தோட வா எண்டு நானே திருப்பி அனுப்பியிருப்பன்."

உயிரோடிருக்கும் தாய்

பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டு வேலைக்கென்று சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்கள். நிஹாரா என்ற சின்னப் பிள்ளையின் வாப்பா எப்போதோ விட்டுவிட்டுப் போனவர். உம்மா அவளை இல்லத்தில் சேர்த்துவிட்டுச் சவூதிக்குப் போனாள். இரண்டொரு கடிதம் வந்தது. பிறகு நின்றுபோயிற்று, காசும் இல்லை. ஆனால் விதியின்படி, தாய் உயிரோடு இருந்து தொழிலும் செய்தால் அந்தப் பிள்ளைக்கு மானியம் கிடையாது. தாய் இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதினேன். தெரியவில்லை என்பதற்கு அத்தாட்சி அனுப்புக என்றார்கள்.

கிராம சேவகரிடம் போனேன். இருக்கிறவருக்கு அத்தாட்சி தரலாம், இறந்தவருக்கும் தரலாம், தெரியாதவருக்குத் தரப் படிவம் இல்லை என்று அவர் கையை விரித்தார். நிஹாராவையும் ஹமீது நானாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்து, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான எங்கள் பிரதம லிகிதரிடம் யோசனை கேட்டேன். நல்ல மனிதர். பைலைப் புரட்டிவிட்டு, "தாய் மவுத்தாகியிருந்தா இவ்வளவு கரைச்சல் இல்லியே மிஸ்" என்றார், உண்மையான கவலையோடு. தாயின் சாவைப் பிள்ளைக்கு முன்னாலேயே பேசுகிறாரே என்று நான் அவசரமாகப் பைலை வாங்கி மூடினேன். மேசையின் விளிம்பு உயரத்துக்கு நின்ற பிள்ளை எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கட உம்மா மவுத்தாகல்ல. உம்மாக்கு லீவு இல்ல."

கூடுதலாக ஒருவர்

நிஹாராவின் மானியம் நின்றது. தகுதியற்ற பிள்ளையை இல்லத்திலிருந்து அகற்றுக என்று கடிதமும் வந்தது. எங்கே அகற்றுவது? நிஹாரா இருந்த இடத்திலேயே இருந்தாள். அப்போதுதான் கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு ஒரு சிங்கள அதிகாரி வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார், பைலைப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். ஒரு தலை கூடியது. ஒப்புதல் பெற்ற பிள்ளைகளின் சோற்றை ஒப்புதல் இல்லாத பிள்ளைக்குப் போடுவது முறைகேடு, முழு இல்லத்தின் மானியத்தையும் நிறுத்த எழுதவேண்டி வரும் என்றார்.

"அது விருந்தாளி சேர்" என்றார் ஹமீது நானா. எவ்வளவு காலத்துக்கு விருந்தாளி என்று கேட்டார் அதிகாரி. "அவட உம்மா வாற வரைக்கும்."

அதற்குள் பகல் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சுபைதா ராத்தா அதிகாரிக்கும் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தது நிஹாரா. அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது நான் பேனையைத் திறந்து, "சேர், உங்கட சாப்பாட்ட எந்தத் தலைப்பில பதியிற? நீங்களும் ஒப்புதல் பெற்ற பட்டியல்ல இல்லியே" என்றேன். அவர் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார், பிறகு செம்போடு நின்ற பிள்ளையைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"மிஸ், எங்க ரெண்டு பேரையும் எழுத வாணாம்."

பொறுப்பேற்பவரின் உறவு

நிஹாராவின் உம்மா ஒருநாள் வந்தேவிட்டாள். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கடிதம் எழுதவும் விடாத வீடொன்றில் அகப்பட்டிருந்தாளாம். ஒரேயொரு பையோடு வந்திருந்தாள், ஆள் பாதியாக இருந்தாள். பிள்ளை முதலில் சுபைதா ராத்தாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். உம்மா பக்கத்தில் போகாமல் நிலத்தில் குந்தி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வெளியே வந்தது, பிறகு பிள்ளை முழுதாக வந்தாள்.

பிள்ளையை ஒப்படைக்க என்னிடம் வந்தார்கள். பொறுப்பேற்பவர் தாய்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்கிறது விதி. அதை அவளிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் மகளின் கையை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உயிரோட இரிக்கன் எண்டுதானே என்ட புள்ளைக்குச் சோத்த வெட்டினீங்க? இப்ப என்னப் பார்த்து ஆரெண்டு கேக்கிறீங்களே மிஸ்?"

படிவத்தில் அத்தாட்சி கேட்கும் இடத்தில் நானே ஒப்பமிட்டு அனுப்பிவைத்தேன். நிஹாராவுக்கு மானியம் வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது என்ற கடிதம் அதற்குப் பிறகு, ஆடி அசைந்து மிகவும் ஆறுதலாக, வந்து சேர்ந்தது.

நான் பார்த்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்து தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களுடைய பைல்கள்தான் இன்றைக்கும் அரசாங்கத்தின் பராமரிப்பில் இருக்கின்றன.